எல்லை தாண்டிப் பணியாற்றும் பன்மொழி வழக்கறிஞராக: எங்கே தொடங்குவது, எங்கே சறுக்கும்

நாலு மொழி பேசுவார் என்பதற்காக எந்தச் சட்ட நிறுவனமும் வேலை தந்துவிடாது. அந்த மொழியில் எந்த நாட்டுச் சட்டத்தைக் கையாளத் தெரியும் என்றுதான் கேட்பார்கள். ஆகவே மொழியைச் சட்ட முறையோடு சேர்த்தே தேர்ந்தெடுங்கள். முன்தீர்ப்புகளை வைத்து நடக்கும் பொதுச் சட்ட முறைக்கு ஆங்கிலம். சட்டத் தொகுப்பை வைத்து நடக்கும் குடிமைச் சட்ட முறைக்கு பிரெஞ்சோ ஜெர்மனோ ஸ்பானிஷோ. இப்படி ஒரு ஜோடி கையில் இருந்தால் நல்லது.

முதலில் ஒரு நாட்டில் உரிமம் வாங்கி, இரண்டு மூன்று ஆண்டாவது கை பழகட்டும். இரண்டாவது உரிமம் அப்புறம். இங்கிலாந்தில் 2021 முதல் எஸ்.க்யூ.இ. எனும் சொலிசிட்டர் தகுதித் தேர்வு, முதல் கட்டத்தில் மட்டும் 360 கொள்குறி வினாக்கள். வேறு நாட்டில் ஏற்கெனவே உரிமம் பெற்றவருக்கு இரண்டாண்டுப் பணி அனுபவ நிபந்தனை கிடையாது. நியூயார்க்கில், குடிமைச் சட்டம் படித்தவர் பொதுவாக 24 கிரெடிட் எல்.எல்.எம். (சட்ட முதுகலைப் படிப்பு) முடித்தால்தான் தேர்வெழுத முடியும். பலர் கோட்டை விடுவது காகித வேலையில். மதிப்பெண் சான்றைப் பல்கலைக்கழகமே நேரடியாக அனுப்ப வேண்டும், உங்கள் கையால் போனால் எடுபடாது. ஓராண்டு முன்பே தொடங்கிவிடுங்கள்.

மொழியில் சி1 நிலை (ஐரோப்பிய மொழித்திறன் அளவுகோலில் மேல்நிலை) எட்டிய பிறகுதான் நிஜ வேலை. யூர்-லெக்ஸ் தளத்தில் ஐரோப்பிய ஒன்றியச் சட்டங்களை இரண்டு மூன்று மொழிகளில் அருகருகே திறந்து, தினம் ஒரு பிரிவு படியுங்கள். கூடவே மூன்று நெடுவரிசைகளில் சொற்பட்டியல் எழுதுங்கள்: சொல், மற்ற மொழியில் நெருங்கிய சொல், இரண்டும் எங்கே பிரிகின்றன. மூன்றாவது நெடுவரிசைக்குத்தான் சம்பளம்.

பிரெஞ்சில் 'எவான்துவெல்' என்றால் நேரலாம், நேராமலும் போகலாம். ஆங்கில 'ஈவென்சுவல்' என்று மாற்றினால், வந்தால் வரட்டும் என்றிருந்த நட்டஈடு வந்தே தீரும் என்றாகிவிடும். ஜெர்மன் 'பில்லியோன்' லட்சம் கோடி, ஆங்கில பில்லியன் நூறு கோடி. நோட்டரி இன்னும் மோசம். அமெரிக்காவில் அவர் பெரும்பாலும் கையொப்பத்தைச் சரிபார்ப்பவர்; ஜெர்மனியில் அவர் முன்னிலையில் எழுதாத நில விற்பனை ஒப்பந்தமே செல்லாது.

ஒப்பந்தத்தில் எந்த நாட்டுச் சட்டம், தகராறு எங்கே தீரும், இருமொழிப் பிரதிகள் முரண்பட்டால் எது செல்லும் என்பதைத் தனித்தனிப் பிரிவாக எழுதுங்கள். பன்னாட்டுச் சரக்கு விற்பனையில் 'பிரெஞ்சுச் சட்டம் பொருந்தும்' என்று மட்டும் எழுதினால், அத்தகைய விற்பனைக்கான 1980ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கையும் கூடவே உள்ளே வரும். வேண்டாமென்றால் பெயர் சொல்லி விலக்குங்கள். நடுவர் தீர்ப்பென்றால், அதை வேறு நாட்டில் நிறைவேற்ற 1958 நியூயார்க் உடன்படிக்கை 170க்கும் மேற்பட்ட நாடுகளில் கைகொடுக்கும். நீதிமன்றத் தீர்ப்புக்கு அந்த வீச்சு இல்லை.

வாதாடப் பிடிக்காதவருக்கும் வழி உண்டு. லக்சம்பர்க்கில் உள்ள ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் சட்டம் படித்தவர்களையே மொழிபெயர்ப்புக்கு எடுக்கிறது. நீதிபதிகள் தமக்குள் ஆலோசிப்பது பிரெஞ்சில் என்பதால், அது தெரியாமல் அங்கே காலம் தள்ளுவது கடினம்.

உரிமம் இல்லாத நாட்டின் சட்டத்தில் கருத்துரை எழுதிக் கையொப்பமிடாதீர்கள், எவ்வளவு தெரிந்திருந்தாலும். உள்ளூர் வழக்கறிஞரிடம் கேளுங்கள். கேள்வியை அவர் மொழியில், அவர் சட்டத்தின் சொற்களிலேயே வரைந்து அனுப்புங்கள்.