மாறுவேடத்தில் அழுத குழந்தை: பள்ளி விழாக்களிலும் வகுப்புச் செயல்பாடுகளிலும் பெற்றோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குழந்தைகள் தின விழா. காலை ஒன்பது மணிக்கே பாரதியாராக வந்து நின்றான் இரண்டாம் வகுப்புப் பையன். முண்டாசு, கண்மையில் வரைந்த மீசை, வாடகைக்கு எடுத்த கறுப்புக் கோட்டு. ஒன்றரைப் பக்க உரையை மனப்பாடம் செய்ய வைத்திருந்தார்கள். அவன் முறை வரும்போது மணி பன்னிரண்டு. வேர்வையில் மீசை கன்னத்துக்கு வந்திருந்தது. நான்கு வரி சொன்னான், ஐந்தாவதில் நின்றுவிட்டான். முன்வரிசையிலிருந்து அம்மா உதட்டை அசைத்து எடுத்துக் கொடுத்தும் பிடிபடாமல், அழுதுவிட்டான். கீழே அழைத்து வந்து கேட்டால், காலையிலிருந்து ஒன்றுக்கே போகவில்லையாம். வேட்டியை அவிழ்த்தால் திரும்பக் கட்டத் தெரியாதே என்று அடக்கிக்கொண்டிருந்திருக்கிறான்.

அந்த அம்மா மேல் எனக்குக் கோபமில்லை. முந்தின நாள் வேலை முடிந்து வந்து, இரவு பத்து மணிவரை அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர். ஆனால் தொடக்கப் பள்ளி ஆசிரியையாக நான் அதிகம் பார்க்கும் தவறு இதுதான்: பிள்ளையின் மேடையில் நாம் ஏறி நிற்பது. ஆறேழு வயதுக் குழந்தைக்கு நான்கு வரி போதும். அதையும் குழந்தையே தேர்ந்தெடுக்கட்டும். உடை, தானே அவிழ்த்துத் தானே போட்டுக்கொள்ளும்படி இருக்க வேண்டும். தாத்தாவின் துண்டைத் தலையில் கட்டிக் கையில் ஒரு கம்பு கொடுத்தால் விவசாயி வந்துவிடுவார். முந்தின நாளே அந்த உடையில் அரை மணி நேரம் வீட்டில் ஓடியாடவிட்டுப் பாருங்கள். எங்கே குத்துகிறது, எங்கே அவிழ்கிறது என்று தெரிந்துவிடும். சாப்பிடாமல் மேடைக்கு அனுப்பாதீர்கள்.

அரசுப் பள்ளிகளில் 2022-23இல் தொடங்கிய கலைத் திருவிழா முதலில் 6ஆம் வகுப்புக்கு மேல்தான் இருந்தது. 2024-25இல் 1ஆம் வகுப்பு வரை இறங்கி வந்தது. நல்ல விஷயம். ஆனால் பள்ளியில் தொடங்கி வட்டாரம், மாவட்டம் என்று போகும் போட்டி என்பதால், பரிசு வராவிட்டால் பிள்ளையைவிடப் பெற்றோர் முகம்தான் முதலில் வாடுகிறது. வீட்டுக்குப் போகிற வழியிலேயே "பக்கத்து வீட்டுப் பொண்ணு எப்படிச் சொன்னா பாத்தியா?" என்று ஆரம்பிக்கிறார்கள். அடுத்த வருடம் பெயர் கொடுக்கச் சொன்னால் அந்தக் குழந்தை என் கண்ணைப் பார்க்காது.

கைவினைப் பொருள் கதையும் இதேதான். களிமண்ணில் ஏதாவது செய்துகொண்டு வாருங்கள் என்றால், தெர்மாகோலில் வீடு வருகிறது, கடையில் வாங்கிய சார்ட் வருகிறது. "இது என்னடா?" என்று கேட்டால் "தெரியல டீச்சர், அப்பா செஞ்சாரு" என்பான். ஒரு முறை ஒரு பெண் ஒற்றைக் கொம்பு மாடு கொண்டுவந்தாள். இன்னொரு கொம்பு வரும் வழியில் உடைந்துவிட்டது. மண் எங்கே எடுத்தாள், எவ்வளவு தண்ணீர் ஊற்றியதும் குழைந்துபோனது, காய்ந்தபின் கால் ஏன் வெடித்தது என்று பத்து நிமிடம் சொன்னாள். இதற்காகத்தான் அந்தச் செயல்பாட்டைக் கொடுக்கிறோம்.

"ஸ்கூல்ல ஆட்டம் பாட்டம்தான், படிப்பே இல்ல" என்ற குறை, 2022 ஜூனில் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்ததிலிருந்து அடிக்கடி காதில் விழுகிறது. கொரோனா காலத்தில் பள்ளி மூடிக் கிடந்ததால் எழுத்தும் எண்ணும் விட்டுப்போன பிள்ளைகளுக்காக, முதலில் 1 முதல் 3ஆம் வகுப்பு வரை வந்த திட்டம் அது. பாட்டு, கதை, பொம்மை எல்லாமே அதில் பாடம்தான். பிள்ளைகள் இருக்கும் நிலையைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிக்கிறோம். இதை ரேங்க் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரு பாடத்தில் அரும்பில் இருக்கும் பிள்ளை இன்னொன்றில் மொட்டாக இருக்கலாம், சில வாரங்களில் மாறவும் செய்யும். "நீ இன்னும் அரும்புலயா இருக்க?" என்று சொந்தக்காரர்கள் முன்னால் மட்டும் கேட்டுவிடாதீர்கள்.

தேதி விஷயம் சின்னதுதான். இரவு ஒன்பது மணிக்குக் "நாளைக்குக் கலர் பேப்பர் வேணும்மா" என்று கேட்டால் யாருக்கும் எரிச்சல் வரும். ஜூலை 15 கல்வி வளர்ச்சி நாள், ஆகஸ்ட் 15, செப்டம்பர் 5, நவம்பர் 14, ஜனவரியில் பொங்கலுக்கு முந்தின வாரம். இவை வருடா வருடம் வருபவைதான். வீட்டு நாள்காட்டியில் ஜூன் மாதமே வட்டம் போட்டுவிடுங்கள். வாட்ஸாப் குழுவில் வரும் அறிவிப்பை, தெரியவில்லை என்றால் யாரிடமாவது படிக்கச் சொல்லிக் கேளுங்கள். விழாவில் எடுக்கும் படத்தில் மற்றவர் பிள்ளைகள் இருந்தால், அதை ஸ்டேட்டஸில் போட வேண்டாம்.

பெற்றோர் கூட்டத்துக்குக் "எனக்குப் படிக்கத் தெரியாது டீச்சர், நான் வந்து என்ன பேசப்போறேன்?" என்று வராமலிருப்பவர்களைப் பார்த்தால்தான் மனசு கஷ்டப்படும். கல்வி உரிமைச் சட்டம் 2009, பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்கிறது. எழுதப் படிக்கத் தெரிய வேண்டும் என்று அதில் நிபந்தனை இல்லை. கூலியை விட்டுவிட்டு வர முடியாதுதான். அப்படியென்றால் காலையில் பிள்ளையை விட வரும்போது ஐந்து நிமிடம் நில்லுங்கள், இல்லையா பாட்டியை அனுப்புங்கள்.

போன வருடம் அப்படி ஒரு பாட்டி வந்தார். மதிப்பெண் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "எம் பேத்தி யாருகூட உக்காந்து சாப்பிடுது தாயி?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. அன்று மதியம் போய்ப் பார்த்தேன். தூண் ஓரமாகத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தாள். மறுநாளிலிருந்து வட்டமாக உட்காரச் சொல்லி, நானும் அவள் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தேன்.