ராஷ்டிரபதி பவன் பார்க்கணுமா? ரயில் டிக்கெட்டுக்கு முன்னால் தேதியைப் பிடியுங்கள்

டெல்லி ஆர்.கே.புரத்தில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பத்துக்கு டிசம்பரிலிருந்து மார்ச் வரை வீடு சத்திரம்தான். 22 வருடமாக எங்கள் வீட்டிலும் அப்படித்தான். கும்பகோணத்திலிருந்து வருகிறவர்கள் கையோடு ஒரு பட்டியல் கொண்டுவருவார்கள்: தாஜ்மகால், குதுப் மினார், செங்கோட்டை, மலை மந்திர் முருகன் கோயில், சால்வை வாங்க ஒரு நாள். எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, ரயில் கிளம்புவதற்கு முதல் நாள் போனில் ஒரு வரி வரும். "அப்படியே ராஷ்டிரபதி பவனையும் காட்டிடும்மா."

இந்த "அப்படியே" என்ற வார்த்தையில்தான் வம்பே இருக்கிறது. குதுப் மினாருக்கு அப்படியே போகலாம், வாசலில் டிக்கெட் வாங்கிக்கொள்ளலாம். இது நாட்டின் குடியரசுத் தலைவர் குடியிருக்கும் வீடு. முன்பதிவு இல்லாமல் போனால் இரும்புக் கம்பிக் கதவைப் பார்த்துவிட்டு வரலாம், அவ்வளவுதான். ஆகவே என் முதல் விதி: இந்தத் தேதியை முதலில் பிடியுங்கள், மற்ற டெல்லியை அதைச் சுற்றிக் கட்டுங்கள்.

பதிவு ராஷ்டிரபதி பவனின் சொந்த இணையதளத்தில் மட்டும்தான். முகவரியின் முடிவில் அரசுக்குரிய "gov.in" இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். தளத்துக்குள் போனதும் பலர் குழம்புகிற இடம் ஒன்று உண்டு. ராஷ்டிரபதி பவன் என்று ஒரே டிக்கெட் கிடையாது. மாளிகை தனி, அருங்காட்சியகம் தனி, தோட்டம் தனி. மூன்றுக்கும் தனித்தனி நேரம், தனித்தனி வாசல். மாளிகைக்கும் அருங்காட்சியகத்துக்கும் நான் கடைசியாகக் கட்டியது ஆளுக்கு 50 ரூபாய். தோட்டத்துக்குக் கட்டணம் இல்லை, ஆனால் பதிவு செய்துகொண்டு போவதுதான் நல்லது. "ராஷ்டிரபதி பவன் போட்டாச்சு" என்று என் ஓரகத்தி ஒருமுறை பெருமையாகச் சொன்னாள். வாங்கிப் பார்த்தால் அது அருங்காட்சியக டிக்கெட். அதுவும் நல்ல இடம்தான், ஆனால் அவள் மனதில் இருந்தது மாளிகைக்குள் இருக்கும் தர்பார் ஹால்.

திங்கட்கிழமை கிடையாது. அரசு விடுமுறை நாளிலும் கிடையாது. வெளிநாட்டு அதிபர் யாராவது வந்தால் முன் முற்றத்தில் வரவேற்பு நடக்கும், அப்போதும் சில நேரங்கள் காணாமல் போய்விடும். குடியரசு தின வாரத்தை அடியோடு விட்டுவிடுங்கள். ஜனவரி 29 அன்று மாளிகைக்கு எதிர்ப்பக்கம் விஜய் சவுக்கில் நடக்கும் பீட்டிங் ரிட்ரீட், அதாவது படைகள் பாசறை திரும்பும் நிகழ்ச்சி, முடியும்வரை அந்தப் பக்கம் பாதிச் சாலை அடைத்துத்தான் இருக்கும். திங்கட்கிழமை செங்கோட்டையும் மூடியிருக்கும் என்பதால் நான் வருகிறவர்களைத் திங்கட்கிழமை ஆக்ராவுக்கு அனுப்பிவிடுவேன். தாஜ்மகாலுக்கு விடுமுறை வெள்ளிக்கிழமை.

வந்து இறங்கும் நாளில் பதிவு போடாதீர்கள். தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் காலையில் வந்துவிடும், மத்தியானம் போகலாம் என்று கணக்குப் போடுவார்கள். பனிமூட்டக் காலத்தில் அந்த ரயில் எத்தனை மணிக்கு வரும் என்பது இஞ்சின் டிரைவருக்கே தெரியாது. இரண்டாவது நாளோ மூன்றாவது நாளோ வையுங்கள். ரயில் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்னால்தான் திறக்கிறது. டிக்கெட் எடுக்க உட்காரும்போதே பக்கத்தில் இந்தத் தளத்தையும் திறந்து வைத்துக்கொண்டால் இரண்டையும் பொருத்திப் பார்த்துவிடலாம்.

அடுத்தது பெயர். இது நம் ஊர்க்காரர்களுக்கே உரிய தலைவலி. பதிவில் ஒவ்வொருவர் பெயரும் அடையாள அட்டை எண்ணும் கேட்கும். வீட்டில் கூப்பிடுவது ராஜி, கல்யாணப் பத்திரிகையில் போட்டது ராஜலட்சுமி, ஆதாரில் ராஜலட்சுமி சுப்பிரமணியன், இனிஷியல் முன்னாலா பின்னாலா தெரியாது. அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு எழுத்து எழுத்தாக அடியுங்கள். நினைவிலிருந்து அடிக்காதீர்கள். அட்டை ஒரிஜினலாக இருக்க வேண்டும்.

அத்தைக்கு நடந்ததை இங்கே சொல்லிவிடுகிறேன். போகிறதுக்கு முதல் நாள் ராத்திரி, சாப்பிட்டு முடித்த பிறகு, எல்லோரும் ஆதாரை எடுத்து மேஜையில் வையுங்கள் என்றேன். அத்தை பர்ஸிலிருந்து பளபளவென்று ஒன்றை எடுத்து வைத்தார். கலர் ஜெராக்ஸ், லேமினேட் செய்தது. "ஒரிஜினல் எங்க அத்தை?" "பீரோவுலதான். தொலைஞ்சுடக் கூடாதேன்னு பத்திரமா வெச்சுட்டு வந்தேன்." பீரோ கும்பகோணத்தில். மறுநாள் மற்றவர்கள் உள்ளே போக, நானும் அத்தையும் இந்தியா கேட் புல்வெளியில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்தோம். அதனால், வருகிறவர்கள் வீட்டுப் படி இறங்குவதற்கு முன்னால் அட்டையை வாட்ஸ்அப்பில் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். படத்தில் இருப்பது ஜெராக்ஸ் என்று தெரிந்தால் ஒரிஜினலை எடுத்துவரச் சொல்லலாம்.

போகிற வழிக்கு வருவோம். மெட்ரோவில் சென்ட்ரல் செக்ரட்டேரியட் நிலையம், மஞ்சள் கோடும் ஊதாக் கோடும் சந்திக்கிற இடம். அங்கிருந்து ஆட்டோ. ஆட்டோக்காரரிடம் "ராஷ்டிரபதி பவன்" என்று மட்டும் சொன்னால் அவர் பாட்டுக்கு விஜய் சவுக் பக்கம் கொண்டுபோய் விடுவார். உங்கள் வாசல் மாளிகைக்குச் சுற்றிவர எங்கேயோ இருக்கும். 330 ஏக்கர் வளாகம் அது, தப்பான வாசலில் இறங்கினால் நடந்தே நேரம் தாண்டிவிடும். எந்த கேட், எந்தச் சாலை என்று பதிவு ரசீதிலேயே இருக்கும். அந்த கேட் எண்ணையும் சாலைப் பெயரையும் சொல்லுங்கள். அரை மணி முன்னால் போய்விடுங்கள்.

சாமான் குறைவாகக் கொண்டுபோங்கள். தீப்பெட்டி, கத்தி, சாப்பாட்டு மூட்டை எதுவும் வேண்டாம். நாங்கள் மாளிகைக்குள் போனபோது செல்போனையும் வரவேற்பிலேயே ஒப்படைத்துவிட்டுத்தான் போனோம். பெரியப்பாவுக்கு அதில் வருத்தமில்லை. அவருக்குச் சிக்கல் வெற்றிலைப் பெட்டி. ஸ்கேனரில் போன பெட்டி திரும்பி வந்தது. காவலர் அதைத் திறந்து, சுண்ணாம்பு டப்பாவை முகர்ந்து பார்த்துவிட்டு, பாக்குவெட்டியைத் தூக்கிப் பிடித்து "யே க்யா ஹை?" என்றார். பெரியப்பாவுக்கு இந்தி தெரியாது. ஒரு கொட்டைப்பாக்கை எடுத்து, அங்கேயே நறுக்கென்று வெட்டிக் காட்டினார். வரிசையே சிரித்தது. பாக்குவெட்டிக்கு ஒரு டோக்கன் கொடுத்து உள்ளே வாங்கி வைத்தார்கள். வேட்டியில் போவதற்கு ஒரு தடையும் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன், கேட்கிறவர்கள் உண்டு.

உள்ளே ஒரு வழிகாட்டி கூட்டிப் போவார். பேச்சு இந்தியிலும் ஆங்கிலத்திலும். வீட்டுப் பெரியவர்களுக்கு முன்கூட்டியே நாலு விஷயம் சொல்லி அழைத்துப் போனால் அவர்கள் கண் சரியான இடத்தில் நிற்கும். நான் சொல்லி அனுப்புவது இவ்வளவுதான்.

கட்டியவர் எட்வின் லட்யன்ஸ். 1912-ல் தொடங்கி 1929-ல் முடித்தார், வைஸ்ராய்க்காக. 340 அறைகள். குவிமாடத்தைப் பார்த்தால் சாஞ்சி ஸ்தூபி நினைவுக்கு வரும், அங்கிருந்துதான் எடுத்தார். தூண்களின் உச்சியில் மூலைக்கு ஒன்றாகக் கல்லில் சிறு மணி தொங்கும். அண்ணாந்து பார்த்தால்தான் தெரியும். மணி அடித்தால் ஆட்சி முடியும் என்று ஒரு நம்பிக்கையாம், ஆகவே அடிக்க முடியாத கல் மணியாகச் செய்தார் என்பார்கள். 1931-ல் வைஸ்ராய் இர்வின் பிரபு குடிவந்தார். 1947-ல் பெட்டி கட்டிவிட்டார்கள், மணி அடிக்காமலேயே.

தர்பார் ஹாலுக்கு 2024-லிருந்து கணதந்திர மண்டபம் என்று பெயர். பத்ம விருது கொடுக்கும்போது டிவியில் பார்ப்போமே, அந்த இடம். நடுவில் 2 டன் எடையுள்ள சரவிளக்கு, 33 மீட்டர் உயரத்திலிருந்து தொங்குகிறது. ஆனால் எல்லோரும் விளக்கைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டு, குடியரசுத் தலைவர் நாற்காலிக்குப் பின்னால் நிற்கும் புத்தரை விட்டுவிடுவார்கள். ஐந்தாம் நூற்றாண்டு, குப்தர் காலம். முகப்பில் ராம்பூர்வாவில் கிடைத்த அசோகர் காலத்துக் காளையும் நிற்கிறது. 2,200 வருடத்துக்கு மேலான கல் அது.

அசோக் ஹாலில், இப்போது அசோக் மண்டபம், கழுத்து வலித்தாலும் மேலே பாருங்கள். பாரசீக மன்னர் பத் அலி ஷா, 22 பிள்ளைகளோடு வேட்டையாடும் ஓவியம். அறையின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு நடந்தால் மன்னரின் பார்வை உங்களோடேயே வரும். பெரியப்பா இரண்டு தடவை நடந்து சோதித்தார். தரை மரம், அடியில் ஸ்பிரிங் வைத்தது. வெள்ளைக்காரர்கள் நடனமாடிய கூடம், இன்று வெளிநாட்டுத் தூதர்கள் நியமனப் பத்திரம் கொடுக்கிற இடம்.

நம் ஆட்கள் கதைதான் பெரியவர்களுக்குப் பிடிக்கும். 1948 ஜூனில் ராஜாஜி கவர்னர் ஜெனரலாக வந்தபோது, வைஸ்ராயின் படுக்கையறை தனக்கு அதிகப்படி என்று விருந்தினர் பகுதியில் சின்ன அறைகளுக்குப் போய்விட்டார். பின்னால் வந்த குடியரசுத் தலைவர்களும் அந்தப் பகுதியிலேயே தங்கினார்கள். கலாம் சொந்தக்காரர்கள் வந்து தங்கிய செலவைத் தன் கைக்காசில் கட்டினார். குடியரசுத் தலைவராக இருந்த ஆர்.வெங்கட்ராமனுக்குச் சொந்த ஊர் பட்டுக்கோட்டைப் பக்கம் ராஜாமடம், எங்கள் பெரியப்பாவுக்கு அதுவே போதும். தாழ்வாரத்தில் நடக்கும்போது ஏதோ சொந்த ஊர் வீட்டுக்கு வந்த மாதிரி கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

அருங்காட்சியகத்தை வேறு நாளில் வைத்துக்கொள்ளலாம், முட்டி வலிக்காரர்களுக்கு ஒரே நாளில் இரண்டும் அதிகம். பழைய குதிரை லாயமும் கார் கொட்டகையும் இருந்த இடம். ஐந்தாம் ஜார்ஜின் வெள்ளிச் சிம்மாசனம் 640 கிலோ. நம் வீட்டுப் பெண்கள் யாரைக் கூட்டிப் போனாலும் அன்றைய வெள்ளி விலையை வைத்துப் பெருக்கல் போட ஆரம்பித்துவிடுவார்கள்.

தோட்டம் பிப்ரவரி, மார்ச்சில்தான் அதன் அழகு. முகல் கார்டன் என்று கேட்டே பழகியவர்களுக்கு: 2023 ஜனவரியிலிருந்து அதன் பெயர் அம்ரித் உத்யான். வார நாளில், காலை முதல் நேரத்தில் போங்கள். ஞாயிற்றுக்கிழமை போனால் டியூலிப்பை விட மனிதத் தலைதான் அதிகம் தெரியும். சனிக்கிழமை காலை முன் முற்றத்தில் காவல் மாற்றும் நிகழ்ச்சி உண்டு. குழந்தைகள் இருந்தால் அதை விடாதீர்கள். 1773-ல் தொடங்கிய மெய்க்காவல் படை, அவர்கள் குதிரையின் மினுமினுப்பைப் பார்த்தே பிள்ளைகள் வாயடைத்துப் போவார்கள். அதற்கும் தனிப் பதிவு. நேரம் வெயில் காலத்துக்கும் குளிர் காலத்துக்கும் மாறும்.

எல்லாம் முடிந்ததும் பசிக்கும். அசோகா ரோட்டில் ஆந்திரா பவன் கேன்டீன் பக்கத்தில்தான். பருப்புப்பொடி, நெய், சுடச்சுடச் சாதம். முற்பகல் நேரம் கிடைத்தால் இந்த மீல்ஸுக்குத் தோதாக இருக்கும், அதையும் பதிவின்போதே யோசித்துக்கொள்ளலாம்.

பதிவே கிடைக்காவிட்டால்? அதற்கும் ஒன்று உண்டு, காசில்லாமல். மாலையில் விஜய் சவுக்கில் நின்று மாளிகையைப் பாருங்கள். பிறகு மாளிகை நிற்கும் ரைசினா மேட்டில் மெதுவாக ஏறுங்கள். ஏற ஏறக் கட்டடம் பெரிதாக வேண்டும் அல்லவா? இங்கே அது தரைக்குள் இறங்கும். தூண்கள் போகும், சுவர் போகும், கடைசியில் குவிமாடம் மட்டும் மேட்டுக்கு மேலே கவிழ்த்த சட்டி மாதிரி நிற்கும். சாலைச் சரிவின் விஷயத்தில் லட்யன்ஸுக்கும், இரண்டு பக்கமும் நார்த் பிளாக், சவுத் பிளாக் கட்டிய ஹெர்பர்ட் பேக்கருக்கும் வந்த சண்டை ஊரறிந்தது. சரிவு லட்யன்ஸ் விரும்பியபடி அமையவில்லை. மேலே போய்ச் சேர்ந்ததும் மாளிகை மறுபடி முழுசாக எழும்பும்.

புல்வெளியில் வேர்க்கடலை உரித்த அன்று சாயங்காலம் அத்தையை அங்கேதான் கூட்டிப் போனேன். பாதி மேட்டில் நின்று, "நான் வரேன்னு தெரிஞ்சதும் அதுவும் ஒளிஞ்சுக்கறது பாரு" என்றார். வருகிற பிப்ரவரிக்கு மறுபடி வருகிறார். ஆதார் ஒரிஜினல் இப்போதே கைப்பையில் ஏறிவிட்டதாம். பீரோ சாவி எங்கே என்றுதான் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.