வேற நாட்டுல வளந்த உங்க டீன் ஏஜ் கதைய சினிமா ஸ்கிரிப்டா எழுதுறது எப்படி

சின்ன வயசுல அப்பா அம்மாவோட வேற நாட்டுக்குப் போய் அங்கயே வளந்தவங்க நிறைய பேருக்கு மனசுக்குள்ள ஒரு படம் ஓடிட்டே இருக்கும், ஆனா எழுத உக்காந்தா ஏர்போர்ட், பெட்டி, குளிரு, அப்பா முகத்துல பயம், இதோட பேனா நின்னுடும். நானும் மூணு தடவ அங்கயே நின்னேன். அதனால முதல்ல ஒண்ணு, ஏர்போர்ட்ல ஆரம்பிக்காதீங்க, கதையவே யோசிக்காதீங்க.

முதல்ல ஞாபகங்கள மட்டும் எழுதுங்க. மினாரி படம் எடுத்த லீ ஐசக் சங், ஸ்கிரிப்டுக்கு முன்னாடி தன்னோட சின்ன வயசு ஞாபகம்னு 80 விஷயங்கள எழுதி வச்சாரு, அமெரிக்காவுல ஆர்கன்சாஸ்ல ஒரு பண்ணையில குடும்பம் வாழ்ந்த கதை அதுலேருந்துதான் வந்துச்சு. நீங்களும் ஒண்ணு ஒண்ணையும் ஒரே வரில எழுதுங்க. வீட்டு ஓனர் ஃபோன் பண்ணா அப்பா குரல் எப்படி மாறும், ராத்திரி ஷிஃப்ட் முடிச்சு வந்த அம்மா ஷூவ எங்க கழட்டுவாங்க, இந்த மாதிரி. ஒரே நாள்ல முடியாது, ரெண்டு வாரம் கூட ஆகட்டும்.

அப்புறம் லிஸ்ட்ட பிரிங்க. ஃப்ரெண்ட்ஸ்கிட்ட பத்து தடவ சொல்லி எல்லாரும் சிரிச்ச சம்பவம் இருக்கும் பாருங்க, அத ஓரமா வைங்க, சொல்லிச் சொல்லி அது உங்க வசதிக்கு ஏத்த மாதிரி மாறிப்போயிருக்கும். இதுவரைக்கும் யார்கிட்டயும் சொல்லாதது எதுவோ அதுக்குக் கீழ கோடு போடுங்க. படம் அங்கதான் இருக்கு.

எனக்கு அப்படி ஒண்ணு இருந்துச்சு. ஸ்கூல் கேட்ல அம்மா வந்து நின்னு வீட்டுல கூப்புடுற பேர சொல்லி எங்க மொழியில சத்தமா கூப்பிட்டாங்க, நான் கேக்காத மாதிரி ஃப்ரெண்ட்ஸ்கூட நடந்து போயிட்டேன். முதல் டிராஃப்ட்ல இத எழுதும்போது ஃப்ரெண்ட்ஸ் அம்மாவ கிண்டல் பண்ணாங்க, அதனால பையன் தலைய குனிஞ்சுட்டு போனான்னு எழுதிட்டேன். ஆனா நெஜத்துல ஒருத்தர் கூட கிண்டல் பண்ணல, யாரும் திரும்பிக் கூட பாக்கல. நான் செஞ்சத வேற பசங்க தலையில தூக்கி வச்சிருக்கேன்னு புரிய எனக்கு ஒரு வருஷம் ஆச்சு. இந்த மாதிரி கதை எழுதுற எல்லாருக்கும் நான் சொல்றது இதுதான், உங்கள மத்தவங்க காயப்படுத்துன சீன் நிறைய கிடைக்கும், எழுதவும் ஈஸி, ஆனா நீங்க வீட்டு ஆளுங்கள காயப்படுத்துன சீன் ஒண்ணாவது அப்படியே, காரணம் சொல்லாம, ஸ்கிரிப்ட்ல இருக்கணும். அது இல்லைன்னா நீங்க புகார் மனுதான் எழுதியிருக்கீங்க.

காலத்த சுருக்குங்க. பத்து வருஷக் கதை வேணாம், ஒரு கோடை லீவு போதும். ஷான் வாங் எடுத்த தீதி படம் 2024ல வந்துச்சு, கலிஃபோர்னியாவுல ஃப்ரீமான்ட்ல 2008ல ஹைஸ்கூல் போறதுக்கு முந்தின லீவுல 13 வயசுப் பையனுக்கு நடக்குறது மட்டும்தான் கதை. அதுல பையன் சாட்ல ஒண்ணு டைப் பண்ணுவான், அனுப்பாம அழிப்பான், வேற டைப் பண்ணுவான். சொல்ல நினைச்சதும் சொன்னதும் ரெண்டும் நமக்குத் தெரிஞ்சுடுது, வசனமே வேணாம். உங்க வருஷத்துல பசங்க எதுல பேசிக்கிட்டாங்க, வீட்டுல கம்ப்யூட்டர் யார் ரூம்ல இருந்துச்சு, ஃபோன் பில் யாரு பாத்தாங்கன்னு கரெக்டா ஞாபகப்படுத்துங்க.

அடுத்து மொழி, இங்கதான் நிறைய பேர் சறுக்குறாங்க. ஒவ்வொரு கேரக்டரும் யார்கிட்ட எந்த மொழியில பேசுவாங்கன்னு தனியா ஒரு பேப்பர்ல எழுதுங்க. அம்மா ஒரு மொழியில கேப்பாங்க, பொண்ணு இன்னொரு மொழியில பதில் சொல்லுவா, தம்பிக்கு பாதிதான் புரியும். புது ஊர் மொழியில தயங்கித் தயங்கி பேசுற அதே அப்பா சொந்த மொழியில பெரிய வாயாடியா இருப்பாரு, அந்த அப்பாவ ஒரு சீன்லயாவது காட்டுங்க, அவர் தம்பிகிட்ட ஃபோன்ல பேசி விழுந்து விழுந்து சிரிக்கிறத பையன் கதவுக்குப் பின்னாடி நின்னு கேக்குறான்னு வைங்க, அவன் அந்த மனுஷன அதுவரைக்கும் பாத்ததே இல்ல. டாக்டர்கிட்டயோ பேங்க்லயோ நீங்க மொழிபெயர்த்த அனுபவம் இருந்தா, அதுல எந்த வார்த்தைய மட்டும் மாத்திச் சொன்னீங்கன்னு யோசிங்க. சீன் முழுக்க அந்த ஒரு வார்த்தை மேல நிக்கும்.

நீங்க ரூம்ல இல்லாதப்போ நடந்தத அப்பா அம்மாகிட்ட கேட்டுத்தான் எழுதணும். கஷ்டமா இருந்துச்சாப்பான்னு கேட்டா அதெல்லாம் ஒண்ணுமில்லன்னு முடிச்சுடுவாங்க. எத்தனை மணிக்கு எந்திரிச்சீங்க, எந்த பஸ், முதல் மாச வாடகை எப்படி குடுத்தீங்கன்னு கேளுங்க, ரெக்கார்ட் பண்ணுங்க. அவங்க சொல்றதும் உங்க ஞாபகமும் முட்டிக்கும், ரெண்டையும் வச்சிருங்க.

எழுதறதுக்கு முன்னாடி வாயால சொல்லிப் பாக்குறதும் நல்லது. டைரக்டர் லூலூ வாங் தன் பாட்டி கதைய 2016ல ரேடியோவுலதான் முதல்ல சொன்னாங்க, த ஃபேர்வெல் படமா 2019ல வந்துச்சு, அதுல அவங்க சொந்த சின்னப் பாட்டியே தன்னோட ரோல்ல நடிச்சிருக்காங்க.

சில நடைமுறை விஷயம். ஒரு பக்கம் சுமாரா ஒரு நிமிஷம், அதனால 90லேருந்து 100 பக்கத்துக்குள்ள முடிங்க. ஒரு வீடு, ஒரு ஸ்கூல், ஒரு கார் போதும். அந்தக் காலத்து ஹிட் பாட்ட கதைக்குள்ள எழுதாதீங்க, உரிமை வாங்குற செலவுல படமே நின்னு போகும். 13 வயசுப் பையன் ஆறு மாசத்துல உயரமாகிடுவான், குரல் உடையும், அதனால ஒரே ஷெட்யூல்ல எடுக்குற மாதிரி யோசிங்க. சின்னப் பசங்க வேலை செய்ற நேரத்துக்கு நிறைய நாட்டுல சட்டப்படி வரம்பு இருக்கு, அவன் இல்லாத சீன் தினம் ஒண்ணு கைவசம் இருக்கட்டும். வீட்டுல மூணு அண்ணன் தங்கச்சி இருந்தா ரெண்டா சேத்துடுங்க, ஆனா அவங்ககிட்ட சொல்லிட்டு செய்ங்க.

கடைசி சீன்ல அம்மாவும் புள்ளயும் கட்டிப்பிடிச்சு எல்லாத்தையும் பேசித் தீக்குற மாதிரி எழுதத் தோணும். உங்க வீட்டுல அப்படி நடந்துச்சான்னு மட்டும் கேட்டுக்கோங்க. எங்க வீட்டுல நடக்கல, நான் லேட்டா வந்தப்போ அம்மா ஒண்ணும் கேக்காம லைட்ட மட்டும் போட்டு வச்சிருந்தாங்க, அத அப்படியே எழுதினேன்.

டிராஃப்ட் முடிஞ்சதும் ப்ரொட்யூசருக்கு முன்னாடி அந்தக் கதையில இருக்குற ஆளுக்கு படிச்சுக் காட்டுங்க. அவங்க எங்க "அது அப்படி இல்ல"ன்னு சொல்றாங்களோ அங்க பென்சில்ல ஒரு கோடு போடுங்க, அடுத்த டிராஃப்ட்ட அந்தப் பக்கத்துலேருந்து ஆரம்பிங்க.