சின்ன ஆட்டுப் பட்டிக்குத் தடுப்பூசி: முதல்முறை போடுபவர்களுக்கு

பத்துப் பதினைந்து ஆடு வைத்திருப்பவர்கள் தடுப்பூசியைத் தள்ளிப்போடும்போது சொல்வது ஒன்றுதான்: "எல்லாம் நல்லாத்தானே மேயுது." நன்றாக மேயும்போது போட்டால்தான் பலன். ஊசி போட்ட அன்றே ஆட்டுக்குப் பாதுகாப்பு வந்துவிடாது. எதிர்ப்புச் சக்தி உருவாக இரண்டு மூன்று வாரம் வேண்டும். பக்கத்துப் பட்டியில் கழிச்சல் தொடங்கியபின் ஓடினால் அந்த அவகாசம் கிடைக்காது.

1. எந்த ஊசி என்று முடிவு செய்யுங்கள்

முதலில் இரண்டு நோய்களை நினைவில் வையுங்கள். ஒன்று ஆட்டுக்கொல்லி. இது வைரஸ் நோய். கடும் காய்ச்சல், கண்ணிலும் மூக்கிலும் சளி, வாய்ப்புண், கழிச்சல், நிமோனியா என்று வரிசையாக வந்து பட்டியையே காலி செய்யும். குட்டிக்கு மூன்று நான்கு மாதம் ஆனதும் தோலுக்கடியில் 1 மில்லி போட்டால், குறைந்தது மூன்று ஆண்டுக்குப் பாதுகாப்பு உண்டு.

இன்னொன்று துள்ளுமாரி. இதன் கிருமி ஆட்டின் குடலிலேயே இருக்கிறது. திடீரென்று தானியத்தை அதிகமாகத் தின்றாலோ, இளம்புல்லை வயிறு முட்ட மேய்ந்தாலோ அது பெருகி நஞ்சைக் கக்கும். நன்றாகப் பால் குடித்துக் கொழுத்த குட்டிதான் பெரும்பாலும் முதலில் போகும். இரவு துள்ளியது காலையில் செத்துக் கிடக்கும். இதற்கு முதல் ஊசி மட்டும் போதாது. மூன்று நான்கு வாரம் கழித்து இரண்டாவது ஊசி போட்டால்தான் பாதுகாப்பு நிற்கும். புதிதாகத் தொடங்குபவர்கள் அதிகம் தவறவிடுவது இந்த இரண்டாவது ஊசியைத்தான். அதன்பின் ஆறு மாதத்துக்கு ஒருமுறையா, ஆண்டுக்கு ஒருமுறையா என்பதை மருத்துவர் சொல்வார்.

கோமாரி, ஆட்டம்மை, தொண்டை அடைப்பான், டெட்டனஸ் ஆகியவற்றுக்கும் ஊசி உண்டு. உங்கள் பகுதியில் எது வருகிறது என்று கால்நடை மருத்துவரிடம் கேட்டுப் போடுங்கள்.

2. ஈற்று நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

இந்தக் கணக்கைத்தான் நான் எல்லாவற்றிலும் முக்கியமாகக் கருதுகிறேன். ஆட்டின் சினைக்காலம் சுமார் 150 நாள். தாயின் எதிர்ப்புச் சக்தி கருவிலிருக்கும் குட்டிக்குப் போகாது. சீம்பால் வழியாகத்தான் போகும். அதனால் துள்ளுமாரி ஊசியை ஈற்றுக்கு நான்கு வாரம் முன்பு, அதாவது 120ஆம் நாள் வாக்கில், தாய்க்குப் போட வேண்டும். கிடா சேர்த்த தேதியைக் குறித்து வைக்காவிட்டால் இந்தக் கணக்கு நடக்காது.

குட்டி பிறந்த ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் சீம்பால் குடிக்க வேண்டும். முதல் நாளில் அதன் எடையில் பத்தில் ஒரு பங்கு உள்ளே போக வேண்டும். 2 கிலோ குட்டி என்றால் 200 மில்லி. தொப்புளை அயோடினில் நனைத்து விடுங்கள். தாய்க்கு ஊசி போடாதிருந்தால் குட்டிக்குச் சற்று முன்னதாகவே தொடங்க வேண்டியிருக்கும், மருத்துவரைக் கேளுங்கள்.

3. குளிர்ச்சியைக் காப்பாற்றுங்கள்

வெப்பத்தில் கெட்ட தடுப்பூசியைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. குப்பி அப்படியேதான் இருக்கும், ஊசியும் இறங்கும், பலன் மட்டும் இருக்காது. வாங்கிய இடத்திலிருந்து பட்டி வரை 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் இருக்கும்படி ஐஸ் பெட்டியில் கொண்டு வாருங்கள். துள்ளுமாரி ஊசி போன்ற திரவ மருந்து உறைந்துபோனாலும் வீண்தான். ஐஸ்கட்டி மேல் நேராக வைக்காதீர்கள்.

ஆட்டுக்கொல்லி ஊசி உலர்ந்த தூளாக வரும். கூடவே வரும் குளிர்ந்த கரைசலில் கலந்து, ஐஸிலேயே வைத்து, ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடித்துவிட வேண்டும். மீந்ததை நாளைக்கு வைக்க முடியாது. ஒரு குப்பியில் பல டோஸ் இருக்கும் என்பதால், அக்கம்பக்கத்தில் ஆடு வைத்திருப்பவர்களோடு பேசி ஒரே நாளில் போட்டுக்கொள்வது நல்லது.

4. ஊசி போடும் நாள்

வெயில் ஏறுமுன் போடுங்கள். காய்ச்சலோ கழிச்சலோ உள்ள ஆட்டை ஒதுக்கி வையுங்கள். ஆட்டின் இயல்பான வெப்பம் ஏறக்குறைய 38.5 முதல் 39.7 டிகிரி வரை. குடற்புழு இருந்தால் ஒரு வாரமாவது முன்பே மருந்து கொடுத்திருக்க வேண்டும்.

ஒருவர் ஆட்டைப் பிடிக்க, தோளுக்கு முன்னே கழுத்தில் தளர்ந்த தோலை இரு விரலால் தூக்குங்கள். அந்த மடிப்பின் அடியில், உடலுக்கு இணையாக ஊசியைச் செலுத்துங்கள். மறுபக்கம் ஈரம் தெரிந்தால் ஊசி தோலைத் தாண்டிவிட்டது என்று பொருள். ஆட்டுக்கொல்லி ஊசி போல, வலுக்குறைந்த உயிர்க்கிருமி உள்ள தடுப்பூசி என்றால் ஸ்பிரிட் தடவிய ஈரத்தில் குத்தாதீர்கள். அதுவே மருந்தைக் கெடுக்கும். ஆட்டில் குத்திய ஊசியை மறுபடி குப்பிக்குள் விடவே கூடாது.

அரை மணி நேரம் அங்கேயே இருங்கள். மூச்சுத் திணறல், தள்ளாட்டம் தெரிந்தால் உடனே அட்ரினலின் தேவைப்படும். அதைக் கைவசம் வைத்திருப்பது பற்றி மருத்துவரிடம் முன்பே பேசிவிடுங்கள். குத்திய இடத்தில் சின்னக் கட்டி வந்தால் பயப்பட வேண்டாம், சில வாரத்தில் கரையும். தேதி, ஆட்டின் அடையாளம், குப்பியின் தொகுதி எண் மூன்றையும் எழுதுங்கள்.

5. மற்ற நாட்களில்

எல்லா ஆட்டுக்கும் மாதாமாதம் குடற்புழு மருந்து ஊற்றாதீர்கள். புழுவுக்கு மருந்து பழகிவிடும். கீழ் இமையைத் திருப்பிப் பாருங்கள். நல்ல சிவப்பாக இருந்தால் விடலாம். வெளுத்திருந்தாலோ தாடைக்கடியில் நீர் கோத்திருந்தாலோ இரத்தம் குடிக்கும் புழு இருக்கக்கூடும். மருந்தை எடை பார்த்தே கொடுங்கள். செம்மறிக்குச் சொன்ன அளவு வெள்ளாட்டுக்குப் பல மருந்துகளில் போதாது. சினையின் முதல் மாதத்தில் அல்பெண்டசோல் வேண்டாம்.

புதிதாக வாங்கிய ஆட்டை ஒரு மாதம் தனிக் கொட்டிலில், தனித் தண்ணீர்த் தொட்டியோடு வையுங்கள். தீனி போடும்போது அதைக் கடைசியாகக் கவனியுங்கள்.

ஆடு திடீரென்று செத்து, மூக்கிலோ ஆசனவாயிலோ உறையாத கறுத்த இரத்தம் வடிந்தால் அறுக்கவோ தோல் உரிக்கவோ கூடாது. அது அடைப்பானாக (ஆந்த்ராக்ஸ்; மேலே சொன்ன தொண்டை அடைப்பான் வேறு) இருக்கலாம், மனிதருக்கும் தொற்றும். தொடாமல் மூடிவைத்து மருத்துவரை அழையுங்கள்.