வேலைக்காரம்மாவை நாயகியாக வைத்து ஆறு எபிசோட் க்ரைம் சீரீஸ் எழுதுவது எப்படி?

வீட்டு வேலை செய்யும் பெண் பழிவாங்குகிறாள் என்றதும் பெரும்பாலான ஒன்லைன்கள் (ஒரு வரிக் கதைகள்) காபியில் விஷம் என்ற இடத்தில் போய் முட்டிக்கொள்கின்றன. கதை அங்கேயே முடிந்துவிடும். அந்தச் சமையலறைக்குள் தினமும் போய்வரும் ஒரே வெளியாள் அவள். போலீஸ் வந்த அரை மணி நேரத்தில் அவளைத்தான் உட்காரவைத்து விசாரிப்பார்கள். மீதி ஐந்து எபிசோடை எதை வைத்து ஓட்டுவது?

இந்த வகைக் கதையின் இன்ஜின் வேறு. பொருள் காணாமல் போகும்வரை அந்த வீட்டில் அவளை யாரும் பார்ப்பதில்லை. போன மறுநிமிடம் எல்லாரும் பார்ப்பது அவளைத்தான். இந்த இரண்டுக்கும் நடுவில் அவள் எப்படிக் கால் வைத்து நடக்கிறாள் என்பதுதான் சீரீஸ். ஒவ்வொரு சீனையும் எழுதி முடித்ததும், இது அவள் மற்றவர் கண்ணில் படாததால் நடந்ததா, பட்டதால் நடந்ததா என்று கேட்டுப் பாருங்கள். இரண்டுமே இல்லையென்றால் வெட்டுங்கள்.

விளக்க வசதிக்காக ஒரு கதையை எடுத்துக்கொள்வோம். செல்வி, வயது 42, சென்னை பெரும்பாக்கம் குடியிருப்பில் வசிக்கிறாள். சோழிங்கநல்லூரில் ஓர் அடுக்ககத்தில் மூன்று வீடுகளில் வேலை. அதில் ஒரு வீட்டார், 2019-இல் வேறோர் அடுக்ககத்தில் இருந்தபோது, 5 பவுன் சங்கிலி காணோம் என்று அவள் தங்கை மலர்மீது புகார் கொடுத்தவர்கள். இரண்டு நாள் ஸ்டேஷனுக்கு அலைந்த மலர் மூன்றாம் நாள் இறந்துபோனாள். சங்கிலியை அடகு வைத்தது வீட்டு மகன்.

முதலில் கேட்கப்படும் கேள்வி, செல்வியை அவர்களுக்கு எப்படி அடையாளம் தெரியவில்லை என்பது. போலி ஆதார், பொய்ப் பெயர் என்று போகாதீர்கள்; அடுக்கக அலுவலகம் ஆதார் நகல் வாங்கி, போட்டோ எடுத்து, கேட் ஆப்பில் (வருவோர் போவோரைப் பதியும் செயலி) ஏற்றிவிடும். தேவையும் இல்லை. நம் ஊரில் பெரும்பாலும் குடும்பப் பெயர் கிடையாது. கல்யாணமான அக்கா தங்கைகளின் அட்டைகளில் பெரும்பாலும் அவரவர் கணவர் பெயர் இருக்கும், இனிஷியலும் மாறியிருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்தாலும் உறவு தெரியாது. மலருக்கு அக்கா ஒருத்தி இருக்கிறாளா என்று அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை என்பதை மட்டும் ஒரு வசனத்தில் காட்டிவிட்டால் போதும். இடையில் 2020 ஊரடங்கு வருகிறது. அடுக்ககங்கள் வேலையாட்களை உள்ளே விடாமல் நிறுத்திய காலம் அது. அந்த ஆண்டுகளில் பழைய வீடு, பழைய ஆட்கள் எல்லாம் மாறிப்போனதற்கு அதுவே காரணமாகும்.

எழுத உட்காருமுன் அவளுடைய காலை அட்டவணையை நிமிடக் கணக்கில் போட்டு வையுங்கள். 6:50-க்கு கேட். முதல் வீடு 8:10 வரை, இரண்டாவது 9:30 வரை, மூன்றாவது 10:45 வரை. எந்த வீட்டில் பாத்திரம் மட்டும், எங்கே பெருக்கித் துடைப்பதும் உண்டு, எங்கே துணி மடிக்க வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகச் சம்பளம் பேசுவார்கள் என்பதால், வேலைக்குச் சேரும் சீனிலேயே இது இயல்பாக வந்துவிடும். கேட்டில் அவள் எண்ணை அழுத்தியதும் மூன்று வீட்டு போனுக்கும் தகவல் போகும். உள்ளே வந்த பிறகு எந்த வீட்டில் எத்தனை மணிக்கு இருந்தாள் என்பதற்குப் பதிவு கிடையாது. ஒரு வீட்டை முடித்து அடுத்த வீட்டுக்குப் போகும் அந்தப் பத்து நிமிட இடைவெளிதான் உங்கள் முதலீடு. படிக்கட்டு, சர்வீஸ் லிஃப்ட், குப்பை அறை எல்லாவற்றையும் ஒரு தாளில் வரைந்து, எங்கெங்கே கேமரா என்று குறியுங்கள். இந்த வரைபடம் இல்லாமல் எழுதினால் நான்காவது எபிசோடில் நேரம் இடிக்கும். ஷூட்டிங்கில்தான் அது தெரியவரும்.

அடுத்து, அவளுக்கு என்னென்ன தெரியும் என்ற பட்டியல். ஒட்டுக்கேட்பது ஒன்றையே நம்பி எழுதுகிறவர்கள் அதிகம். அவள் அறிவு பெரும்பாலும் பொருள்களிலிருந்து வருகிறது. குப்பையில் கிடக்கும் மாத்திரை அட்டையில் எத்தனை குழி காலி, சட்டைப் பையில் ஊறிப்போன பில், எந்த அறைப் படுக்கை கலையாமல் இருக்கிறது, பூஜை அலமாரிச் சாவி எந்த டப்பாவுக்கு மாறியிருக்கிறது எல்லாம் அவளுக்கு அத்துபடி.

சிங்க் மட்டுமே ஒரு முழு சீனைத் தாங்கும். வீட்டில் இருப்பது அப்பாவும் அம்மாவும் இரண்டு பேர். காலையில் சிங்க்கில் மூன்று தட்டு. மூன்றாவது தட்டின் ஓரத்தில் சாம்பார் வெங்காயம் மட்டும் வரிசையாக ஒதுக்கப்பட்டிருக்கிறது. வெங்காயத்தை ஒதுக்குகிறவன் பெங்களூரில் இருப்பதாகச் சொல்லப்படும் மகன். அவள் ஒரு நொடி பார்க்கிறாள், சபீனாவைத் தொட்டுத் தேய்க்கிறாள், தட்டைக் கவிழ்த்து வைக்கிறாள். வசனமே வேண்டாம்.

ஒட்டுக்கேட்கும் சீன் வேண்டுமென்றால் குழாயை மறக்காதீர்கள். தண்ணீர்ச் சத்தம் நின்றால் உள்ளே பேச்சும் நின்றுவிடும். காரியம் தெரிந்தவள் குழாயை மூட மாட்டாள். தண்ணீர் விழும் இடத்தில் கரித்துணியைப் போட்டுச் சத்தத்தைக் குறைத்துவிட்டு, கையில் ஒரு டம்ளரைத் தேய்த்துக்கொண்டே இருப்பாள். இதைத் திரைக்கதையிலேயே எழுதுங்கள். சவுண்ட் டிபார்ட்மென்டுக்கு முன்கூட்டியே தெரியாவிட்டால், டப்பிங்கில் அந்தத் தண்ணீரை மொத்தமாகத் துடைத்துவிடுவார்கள்.

பழிவாங்கும் முறைக்கு ஒரு விதி வையுங்கள்: எந்தப் பொருளும் வீட்டைவிட்டு வெளியே போகாது. கேட்டில் அவள் பையைத் திறந்து பார்ப்பார்கள். ஆகவே அவள் எதையும் எடுப்பதில்லை, இடம்தான் மாற்றுகிறாள். மகன் ஒளித்து வைத்திருந்த பழைய அடகுச் சீட்டு, அப்பாவின் பத்திரக் கோப்புக்குள் போகிறது. திருட்டு நடக்கவே இல்லை, ஆனால் வீட்டில் ஒருவரையொருவர் சந்தேகிக்கத் தொடங்குகிறார்கள். விதி இறுகியிருந்தால்தான் ஐந்தாவது எபிசோடில் அவள் அதை ஒரே ஒருமுறை மீறும்போது பார்ப்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

இங்கே ஒரு பொறி உண்டு. 2019-இல் அடகு வைத்த நகை இன்றும் கடையில் இருக்காது. மீட்காவிட்டால் ஏலத்தில் போயிருக்கும். சாட்சியாக நிற்பது பெயர், தேதி, எடை உள்ள சீட்டும், கடையின் பழைய பேரேடும்தான். 5 பவுன் என்றால் 40 கிராம். சீட்டிலும் புகாரிலும் எடை ஒன்றாக இருக்க வேண்டும். அந்த ஆண்டு செப்டம்பரில் சவரன் 30,000 ரூபாயை ஒட்டி இருந்தது. பிளாஷ்பேக் வசனத்தில் இன்றைய விலையைச் சொல்லிவிடாதீர்கள்.

எபிசோடு பிரிப்பில், செல்வி யார் என்பதை முதல் எபிசோடின் கடைசியிலேயே பார்வையாளருக்குச் சொல்லிவிடலாம். அதை ஆறாவது வரை மறைப்பது பழைய வித்தை. அவள் யார் என்று நமக்குத் தெரிந்து, அந்த வீட்டாருக்குத் தெரியாமல் இருக்கும்போதுதான் அவள் காபி டம்ளரை நீட்டுவதுகூடப் பதைப்பாக இருக்கும். இரண்டாவதில் அடகுச் சீட்டு இடம் மாறுகிறது. மூன்றாவதின் முடிவில் அப்பா இறந்து கிடக்கிறார்.

அந்தச் சாவை எங்கே வைக்கிறீர்கள் என்பதில்தான் மொத்தக் கதையும் இருக்கிறது. படுக்கையறைக் கதவு சாத்தியிருக்கிறது. அம்மா வாக்கிங் போயிருக்கிறார். செல்வி வழக்கம்போல வந்து மூன்று தட்டையும் தேய்த்துக் கவிழ்த்த பிறகுதான் சாவு தெரியவருகிறது. இரவு மகன் வீட்டில் இருந்தான் என்பது அவளுக்கு மட்டும் தெரியும். அதற்கான ஒரே தடயத்தைத் தேய்த்துக் கழுவியவளும் அவளே. சீட்டைக் கோப்பில் வைத்ததால் வந்த சண்டையில்தான் அப்பா செத்தார் என்பதும் அவளுக்குப் புரிகிறது. இதற்குப் பிறகு அவள் நல்லவளா கெட்டவளா என்று வசனத்தில் விவாதிக்கத் தேவையில்லை.

நான்காவது, ஐந்தாவது எபிசோடுகளுக்கு ஒரு கெடு வேண்டும். அடுக்ககங்களின் டி.வி.ஆர். (கேமராப் பதிவு) பெட்டியில் காட்சிகள் பெரும்பாலும் 15 முதல் 30 நாள்தான் நிற்கும். பிறகு பழையதன்மேல் புதியது பதிவாகும். மகனின் கார் உள்ளே வந்த காட்சி அழியப் பதினைந்தே நாள் என்று வைத்தால் கடிகாரம் தானாக ஓடும். அதைக் கேட்கும் உரிமை செல்விக்கு இல்லை. கண்ட்ரோல் ரூமில் இரவு முழுக்க உட்காரும் செக்யூரிட்டிக்கும் அந்த வீட்டில் பெயர் கிடையாது. இவர்கள் இருவரையும் எபிசோட் இரண்டிலேயே ஒரு டீயில் பழகவிட்டு வையுங்கள்.

போலீஸ் பகுதியில் தவறு அதிகம் நடப்பது சட்டப் பிரிவுகளில். 2024 ஜூலை 1 முதல் புதிய குற்றவியல் சட்டங்கள். உங்கள் கதை இரண்டு காலத்தில் நடப்பதால் இரண்டும் வேண்டும். 2019 பிளாஷ்பேக்கில் வேலையாள் திருட்டு என்றால் இ.பி.கோ. (இந்திய தண்டனைச் சட்டம்) 381, சந்தேக மரணம் என்றால் குற்றவியல் நடைமுறைச் சட்டம் 174. நிகழ்காலத்தில் அவை முறையே பி.என்.எஸ். (பாரதிய நியாய சன்ஹிதா) 306, பி.என்.எஸ்.எஸ். (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) 194. புகார் கொடுத்ததும் எஃப்.ஐ.ஆர். என்று எழுதாதீர்கள். நம் ஸ்டேஷன்களில் முதலில் சி.எஸ்.ஆர். (புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான) ரசீதோடு நிற்பது வழக்கம், மலர் விஷயத்திலும் அதோடு நின்றது என்று வைத்தால், அவள்மீது வழக்கே இல்லை என்பது ஐந்தாவது எபிசோடில் பெரிய அடியாக விழும்.

சாட்சியாக விசாரிக்க ஒரு பெண்ணை ஸ்டேஷனுக்கு வரச்சொல்லக் கூடாது, அவள் இருப்பிடத்தில்தான் விசாரிக்க வேண்டும் என்கிறது பி.என்.எஸ்.எஸ். 179. சூரியன் மறைந்த பின் பெண்ணைக் கைது செய்வது, விதிவிலக்கான சூழலில் மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதியோடு பெண் அதிகாரி மூலம்தான் என்கிறது அதே சட்டத்தின் 43(5). நடைமுறையில் மீறுகிறார்கள் என்பது வேறு. உங்கள் இன்ஸ்பெக்டர் மீறினால், மீறுகிறோம் என்று தெரிந்தே மீறட்டும். பக்கத்தில் நிற்கும் பெண் போலீஸ் ஒருமுறை கடிகாரத்தைப் பார்ப்பதே போதும்.

அடித்து வாங்கிய ஒப்புதல் வாக்குமூலத்தோடு கதையை முடிப்பதும் வேண்டாம். போலீசிடம் கொடுத்த ஒப்புதல் கோர்ட்டில் நிற்காது. அதன் மூலம் பொருள் கைப்பற்றப்பட்டால் அந்த அளவுக்கு மட்டுமே செல்லும். செல்வி போனில் எடுத்த வீடியோவை நீட்டியதும் நீதிபதி தீர்ப்பு சொல்கிற சீனும் அப்படித்தான். மின்னணுச் சாட்சிக்குப் பாரதிய சாட்சிய அதினியம் 63-இன்படி சான்றிதழ் வேண்டும். இதை இடைஞ்சலாக நினைக்காமல் ஒரு திருப்பமாக்குங்கள்: டி.வி.ஆர். காட்சிக்கான சான்றிதழில் கையெழுத்துப் போட அந்த செக்யூரிட்டி முன்வருகிறானா?

வசனத்தில், செல்வி வீட்டுக்காரியை ‘அம்மா’ என்பாள், மற்ற வீடுகளில் மருமகள் முறையில் வரும் இளையவளை ‘அக்கா’ என்பாள், தன்னைவிட இருபது வயது குறைவானாலும். வீட்டுக்காரர் அவளை நேரே கூப்பிடவே மாட்டார். மனைவியிடம், “அந்தம்மா வந்தாச்சா?” என்பார். சாகும்வரை அவர் வாயில் அவள் பெயர் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். பெரும்பாக்கம் என்றதும் ‘இன்னாமே’ போட வேண்டியதில்லை. நகரின் நடுவிலிருந்து தூக்கிக்கொண்டு போய் அங்கே குடியமர்த்தப்பட்டவர்கள் பல பகுதிக்காரர்கள், பேச்சும் கலப்புதான். தனி டம்ளர், பால்கனியில் தனிச் செருப்பு இடம், கழிவறைக்குக் கீழ்த்தளம் வரை போக வேண்டியது ஆகியவற்றைச் சட்டகத்தில் காட்டுங்கள். யாராவது அதைப் பற்றிப் பேசத் தொடங்கினால் அது பிரச்சாரமாகிவிடும்.

எபிசோடுக்கு 40 நிமிடம் என்றால் 22 முதல் 26 சீன் சரியாக வரும். ஒரு பக்கம் ஒரு நிமிடம் என்ற கணக்கு தமிழ் வசனத்தில் அப்படியே பொருந்தாது, அதிலும் இடப்பக்கம் காட்சி, வலப்பக்கம் வசனம் என்று எழுதும் பழைய முறையில் இன்னும் விலகும். வாய்விட்டுப் படித்து நேரம் பாருங்கள். பேசாத சீன்களுக்கு வேலையை நீங்களே செய்து பார்த்து நேரம் போடுங்கள். ஒரு குடும்பத்தின் இரவுப் பாத்திரம் தேய்க்க ஆகும் நேரத்தை உதவி இயக்குநர்கள் எப்போதும் குறைத்தே மதிப்பிடுவார்கள்.

கன்டினியூட்டிக்கு (காட்சிக்குக் காட்சி தோற்றம் பிசகாமல் இருக்க) அவள் புடவை, கை ஈரம், விரலிடுக்கில் சோப்பு வெடிப்பு மூன்றையும் சீன் ஆர்டரிலேயே (காட்சி வரிசைப் பட்டியல்) எழுதிவிடுங்கள். மேக்கப் டெஸ்டுக்கு அதுவே குறிப்பு. பவுண்டட் ஸ்கிரிப்ட் (முழுதாக எழுதிக் கட்டிய திரைக்கதைப் பிரதி) தயாரானதும், யாருக்கும் கதை சொல்லப் போகுமுன், தென்னிந்தியத் திரைப்பட எழுத்தாளர்கள் சங்கத்திலோ காப்புரிமை அலுவலகத்திலோ பதிவு செய்யுங்கள். ஒன்லைனை மட்டும் பதிவு செய்வதில் பெரிய பயன் இல்லை. ஆறு எபிசோடின் சீன் ஆர்டரும், முதல் எபிசோடின் முழு வசனமும் அதில் இருக்கட்டும்.