தலைப்பை மட்டும் பார்த்துப் புத்தகம் எடுக்கும்போது செய்யும் தவறுகள்

நாஞ்சில் நாடனின் ‘தலைகீழ் விகிதங்கள்’ கணக்குப் புத்தகம் அல்ல. வசதியான வீட்டில் பெண் எடுத்த ஏழைப் பட்டதாரி ஒருவன் படும் பாட்டைச் சொல்லும் நாவல், 1977இல் வந்தது. எஸ். ராமகிருஷ்ணனின் ‘துணையெழுத்து’ இலக்கண நூல் அல்ல, ஆனந்த விகடனில் தொடராக வந்த கட்டுரைகள். அசோகமித்திரனின் ‘ஒற்றன்!’ ஆச்சரியக்குறியோடு மிரட்டினாலும் உள்ளே துப்பாக்கியும் கிடையாது, துரத்தலும் கிடையாது. அமெரிக்காவின் அயோவா நகரில் பல நாட்டு எழுத்தாளர்களோடு தங்கியிருந்த அனுபவம்தான் அது.

புத்தகக் காட்சிக் கூட்டத்தில் கடை கடையாக நகரும்போது தலைப்பைப் படிக்கத்தான் நேரம் இருக்கிறது. சரி, படியுங்கள். அதை வைத்தே “இது நமக்கு ஆகாது” என்று தீர்ப்பு எழுதுவதில்தான் தவறு தொடங்குகிறது.

தலைப்பில் இருக்கும் ஊரையோ பொருளையோ புத்தகத்தின் விஷயமாக எடுத்துக்கொள்வது முதல் தவறு. ‘கொற்கை’ என்றதும் சங்ககாலப் பாண்டியர் துறைமுகமும் முத்துக்குளிப்பும் நினைவுக்கு வரும். ஜோ டி குருஸின் நாவல் பேசுவது இருபதாம் நூற்றாண்டுத் தூத்துக்குடியை, தோணித் தொழிலில் எழுந்தும் விழுந்தும் போன குடும்பங்களை. சரித்திர நாவல் தேடுபவர் ஏமாறுவார். சரித்திர நாவலே வேண்டாம் என்று ஒதுங்குபவர் தனக்குப் பிடித்திருக்கக்கூடிய ஒன்றை இழப்பார். எனக்கு இரண்டாவது நபரை நினைத்தால்தான் வருத்தம். ஏமாந்தவருக்காவது ஏமாந்தது தெரியும்.

‘பொன்னியின் செல்வன்’ வாங்கி, ராஜராஜன் பெரிய கோயில் கட்டுவதை எதிர்பார்த்து உட்காருபவர்கள் இன்னும் உண்டு. ஐந்து பாகங்களிலும் அது இல்லை. தலைப்புக்குரிய அருள்மொழிவர்மன் கதைக்குள் நேரில் வருவதே இரண்டாம் பாகத்தில், ஈழத்தில்தான். அதுவரை நம்மைக் குதிரையில் ஏற்றிக்கொண்டு போகிறவன் வந்தியத்தேவன்.

எழுத்தாளர் பெயரையும் தலைப்பையும் கூட்டிக் கணக்குப் போடுவது இன்னொரு தவறு. சுஜாதா, அதோடு ‘ரத்தம் ஒரே நிறம்’ என்றால் அவருடைய துப்பறியும் வக்கீல்கள் கணேஷும் வசந்தும் கொலைகாரனைப் பிடிப்பார்கள் என்று தோன்றும். அது 1857 சிப்பாய்க் கலகக் காலத்துக் கதை. அவரே எழுதிய ‘ஸ்ரீரங்கத்து தேவதைகள்’ பக்தி நூலும் அல்ல, இளவயது ஸ்ரீரங்கத்து மனிதர்களைப் பற்றிய கதைகள்.

மென்மையாக ஒலிக்கும் தலைப்புகளிடம் கொஞ்சம் ஜாக்கிரதை. சுந்தர ராமசாமியின் ‘ஒரு புளியமரத்தின் கதை’ பேரக்குழந்தைக்கு வாசித்துக் காட்டுகிற கதை அல்ல. ஒரு முச்சந்தியில் வியாபாரமும் அரசியலும் சேர்ந்து மரத்தையே காவு வாங்குவதைச் சொல்வது. தி. ஜானகிராமனின் ‘அம்மா வந்தாள்’ நாவலை அன்னையர் தினப் பரிசாகக் கொடுக்க நினைப்பவர், தயவுசெய்து முதலில் தானே படித்துவிடட்டும்.

தொடர்ச்சிகளையும் தலைப்பு காட்டிக் கொடுக்காது. ஜெயகாந்தனின் ‘கங்கை எங்கே போகிறாள்’ தனி நாவல் போலத்தான் தெரியும். அதற்கு முன்னால் ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ இருக்கிறது, அதற்கும் முன்னால் ‘அக்கினிப் பிரவேசம்’ என்ற சிறுகதை இருக்கிறது. கடைசியில் இருப்பதை முதலில் பிரித்தால் நாயகி கங்காவின் கோபம் எங்கிருந்து வருகிறது என்றே புரியாது.

எல்லாத் தலைப்பும் இப்படி அல்ல. சி.சு. செல்லப்பாவின் ‘வாடிவாசல்’ சொன்னபடியே மாட்டோடு மனிதன் மோதும் களம்தான்.

அப்புறம் எதைப் பார்ப்பது? அட்டையைத் திருப்பி உள்ளே தலைப்புப் பக்கத்துக்குப் போனால், பெயருக்குக் கீழே நாவல், சிறுகதைகள், கட்டுரைகள் என்று பெரும்பாலும் சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள். மேலே சொன்ன குழப்பங்களில் பாதி அங்கேயே தீரும். அடுத்த பக்கத்தில் முதல் பதிப்பு வந்த ஆண்டு இருக்கும். அட்டை புதிதாக இருந்தாலும் எழுத்து எந்தக் காலத்தது என்று தெரிந்துவிடும். முன்னுரைப் பக்கம் போக வேண்டாம், நம் ஊர் முன்னுரைகளில் பல கதை முழுவதையும் சொல்லிவிட்டுத்தான் ஓயும்.

அதைவிட முக்கியம், நடுவில் ஏதாவது ஒரு பக்கத்தில் பேச்சு வரும் இடத்தைப் படிப்பது. தலைப்பு பொதுத்தமிழில் இருக்கும், உள்ளே கரிசல் பேச்சோ நாஞ்சில் பேச்சோ கடற்கரைப் பேச்சோ ஓடும். ஒரு நாவல் நமக்கு ஒத்துவருமா என்பதைக் கதைப்பொருளைவிட இந்தப் பேச்சுதான் அதிகம் தீர்மானிக்கிறது என்பேன். ஒரு பக்கம் தடுமாறினால் உடனே கீழே வைக்க வேண்டாம். பத்துப் பதினைந்து பக்கத்தில் காது பழகிவிடும், சில நூல்களில் கடைசியில் வட்டாரச் சொற்களுக்குப் பொருளும் கொடுத்திருப்பார்கள். பழகவில்லை என்றால் காசு கொடுக்காமல் நூலகத்தில் எடுத்து இன்னொரு முறை முயன்று பார்க்கலாம்.