1960-களின் பேப்பர் பேட்டர்னில் ஷிஃப்ட் கவுன் தைக்கலாம் வாங்க

1961-இல் வந்த ஓர் அமெரிக்க கவுன் பேட்டர்னையும் (துணியை வெட்ட வழிகாட்டும் காகித அச்சு) 1966-இல் வந்ததையும் அருகருகே விரித்துப் பாருங்கள். முன்னதில் பெரும்பாலும் மேல்பாகம் தனி, பாவாடைப் பாகம் தனி. இடுப்பில் ஒரு மூட்டு இருக்கும். பின்னதில் தோளிலிருந்து முழங்காலுக்கு மேல் வரை ஒரே துண்டு. இதுதான் ஷிஃப்ட் கவுன். லண்டன் உடை வடிவமைப்பாளர் மேரி குவான்ட் வடிவமைத்த உடைகளை 1964 முதல் பட்டரிக் என்ற அமெரிக்க நிறுவனம் பேட்டர்னாக வெளியிட்டது. 1965-இல் பிரெஞ்சு வடிவமைப்பாளர் ஈவ் சான் லோரான், டச்சு ஓவியர் மோண்ட்ரியானின் ஓவியக் கட்டங்களை கவுனில் கொண்டுவந்தார். அதுவும் வோக் என்ற நிறுவனத்தின் பேட்டர்னாக வந்தது. இடுப்பு மூட்டு போனதால் தைக்கும் வேலை குறைந்தது. அதனால்தான் பழைய பேட்டர்னில் கை வைக்கும் புதியவர்களுக்கு நான் ஷிஃப்ட் கவுனையே சொல்வேன்.

1. காகிதத்தைக் காப்பாற்றுங்கள்

உறையில் இருக்கும் டிஷ்யூ காகிதம் சருகு மாதிரி ஆகியிருக்கும். செய்முறைத் தாளைப் பார்த்துத் துண்டுகளை எண்ணிக்கொள்ளுங்கள். நீராவி இல்லாமல், மிகக் குறைந்த சூட்டில் இஸ்திரி போட்டு மடிப்பை எடுங்கள். பிறகு வேறு தாளில் நகல் எடுத்து, அதைத்தான் வெட்ட வேண்டும். டார்ட் (உடம்பின் வளைவுக்காகத் துணியை முனை குறுகும்படி மடித்துத் தைப்பது) கோடு, ஓரத்து முக்கோணக் குறிகள், துணியின் இழை ஓடும் திசையைக் காட்டும் நூலோட்ட அம்பு, 'மடிப்பில் வைக்கவும்' என்ற கோடு எதையும் விட்டுவிடாதீர்கள்.

2. சைஸ் எண்ணை நம்பாதீர்கள்

1956 முதல் 1967 வரை சைஸ் 12 என்றால் மார்பளவு 32 இன்ச். 1968 வாக்கில் அளவுமுறை மாறி, அதே 12 என்பது 34 இன்ச் ஆனது. உறையில் 'நியூ சைஸிங்' என்று இருந்தால் அது மாற்றத்துக்குப் பின் வந்தது. தேதி போடாத உறைக்கு வயது சொல்ல இதுவே நல்ல தடயம். மார்பளவைப் பார்த்து எடுங்கள். ஷிஃப்டில் இடுப்பு தளர்வுதான், கவலை வேண்டாம்.

இன்னொன்று. நம்மூர் ஜாக்கெட்டில் பிறகு பிரித்துவிட உள்ளே தாராளமாகத் துணி விடுவார்கள். இந்தப் பேட்டர்ன்களில் தையலுக்கு விடுவது பொதுவாக 5/8 இன்ச் மட்டும். பக்கவாட்டில் ஓர் இன்ச் கூட்டி வெட்டுங்கள்.

3. டார்ட்

மூட்டு போன பிறகு உடம்பின் வளைவைத் தாங்குவது யார்? டார்ட்தான். பல ஷிஃப்ட்களில் அது பக்கத் தையலில் இடுப்புக்குக் கிட்டத் தொடங்கி, மார்பை நோக்கிச் சாய்வாக ஏறும். பிரெஞ்சு டார்ட் என்பார்கள். அந்தக் காலத்து உள்ளாடை மார்பை ஏந்திப் பிடித்ததால் டார்ட்டின் முனையும் உயரமாகவே இருக்கும். நான் இதைக் கவனிக்காமல் தைத்த முதல் கவுனில் முனை இரண்டு விரல் மேலே நின்றது. நல்ல துணி வீணானபோது மனசு கஷ்டப்பட்டது.

ஆகவே நகலை உடம்பில் வைத்து மார்பின் உச்சியைக் குறியுங்கள். அதற்கு ஓர் இன்ச் முன்பாகவே டார்ட் முடிய வேண்டும். புது முனையைப் புள்ளி வைத்து, பக்கத் தையலில் உள்ள இரண்டு குறிகளிலிருந்தும் அந்தப் புள்ளிக்குக் கோடு இழுங்கள். முதலில் காடாத் துணியில் தைத்துப் போட்டுப் பாருங்கள். தோதாக வந்தால் மட்டும் நல்ல துணியை எடுங்கள். கொஞ்சம் விறைப்பான பருத்தியோ லினனோ நன்றாக நிற்கும். வழுக்கும் துணி வேண்டாம்.

டார்ட்டை அகலமான பக்கத்தில் தொடங்கி முனையை நோக்கித் தையுங்கள். கடைசி அரை இன்ச் துணியின் மடிப்பை ஒட்டியே ஓடட்டும். முனையில் திருப்பித் தைத்தால் அங்கே குமிழ் மாதிரி புடைக்கும். நூலை நீளமாக விட்டுக் கையால் முடிச்சுப் போடுங்கள். சுருட்டிய துவாலை மேல் வைத்து இஸ்திரி போட்டால் வளைவு படியும்.

4. மீதி வேலை

பின்பக்க ஜிப், தோள், கழுத்துக்கு உள்பட்டி, பக்கங்கள் என்ற வரிசையில் போங்கள். கழுத்து வளைவில் தையல் வரை சின்னச் சின்னதாக வெட்டிவிட்டால்தான் பட்டி சுருக்கமில்லாமல் திரும்பும். தையலை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.

5. கீழ் ஓரம்

பத்தாண்டின் தொடக்கத்தில் முழங்காலை மூடிய ஓரம், பாதிக்குப் பிறகு மேலே ஏறிக்கொண்டே போனது. உங்கள் உயரத்தைக் கண்ணாடி முன் நின்று முடிவுசெய்து, இரண்டு இன்ச் உள்ளே மடித்து ஹெம்மிங் போடுங்கள். வெளியே தெரியாமலிருக்க ஊசியில் ஓர் இழை மட்டும் அள்ளினால் போதும்.